பச்சை மேலே, சிவப்பு கீழே

அத்தியாயம் ஐந்து

“ஆள் பிடிபட்டாச்சு. ஸ்டேஷன்ல பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். இனி நாம எதுக்கு மாமி கொச்சங்காடிக்குப் போறோம்? கல்யாணம் முடிஞ்ச பிறகு மொய் எழுதப் போற மாதிரியில்ல இருக்கு!” என்றேன், ஆட்டோவை ஒரு மீன் வண்டிக்குப் பின்னால் நிறுத்தியபடி.

“வாயை மூடிண்டு ஓட்டு, துரை. வண்டியைவிட நோக்கு வாய்தான் ஜாஸ்தி ஓடறது” என்றாள் பின்சீட்டிலிருந்து நீலாம்பாள் மாமி.

மாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது கம்பெனிக்குத்தான் தெரியும், மாமியின் மூக்குக்குத் தெரியாது. தமிழ் பேசுகிற ஜனங்களுக்கு ஒரு சிக்கல் என்றால் போலீசுக்குப் போகுமுன் மாமி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் பாண்டித்துரை. உசிலம்பட்டிக்காரன். பிழைப்புக்கு ஆட்டோ, பொழுதுபோக்குக்கு மாமியின் உதவியாளன். என் பெயரின் முன்பாதி இந்த ஊரில் தமிழனை மட்டம் தட்டுகிற சொல் என்பதால், மாமி பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள். அதனால் கொச்சியில் நான் துரை.

முந்தின நாள் கதவைத் தட்டியவள் பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கொச்சங்காடியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று இப்போது பள்ளிச் சீருடை தைக்கிற கூடமாக இருக்கிறது. பேச்சியும் அவள் தங்கை பொன்மணியும் அங்கே தைத்தார்கள். போன வாரம் காலைச் சாயா வேளையில், எல்லோரும் வெளியே போயிருந்தபோது, பொன்மணி அக்காவின் மெஷினுக்கு அடியில் குனிந்து மோட்டாரில் சுற்றியிருந்த நூலை எடுத்தாள். மெஷின் ஓடியது. அவள் ஷாலை பெல்ட் இழுத்துக்கொண்டது. இருபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

“மெஷினை நான் அணைச்சிட்டுத்தாம்மா சாயா குடிக்கப் போனேன். சாமி சத்தியமா அணைச்சேன். அப்போ யாரோ போட்டிருக்காவ” என்று பேச்சி போலீசில் சொன்னாள். அந்த நேரம் உள்ளே இருந்த ஒரே ஆள் மெக்கானிக் சேவியர். அன்று காலைதான் அவனும் பொன்மணியும் மாடிப்படி அருகே சண்டை போட்டதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். போலீஸ் கேட்டதற்கு அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாதவன் மேல் சந்தேகம் வளர எவ்வளவு நேரம் ஆகும்?

பேச்சி மாமியிடம் கேட்டது இரண்டு விஷயம். “அவன்தான் பொத்தானை அழுத்துனான்னு ருசுப்படுத்திக் குடுங்கம்மா. அப்புறம்... என் தங்கச்சி மெஷினை அணைக்காம கைய வைக்கிறவ இல்ல. முதலாளி அவ கவனமில்லாம போயிட்டாங்காரு. செத்தவளத் திட்டுத மாதிரி இருக்கு. அது மட்டும் என்னால கேக்க முடியலம்மா.”

அம்மா செத்த பிறகு தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அழாமல்தான் சொன்னாள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கிடங்கு வாசலில் இறங்கியபோது பேச்சி எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள். கட்டை குட்டையான உருவம். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் கிடங்குக்குள் கால் வைக்கவில்லையாம். தினம் வந்து வெளியே உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

“நீங்க போய்ப் பாருங்கம்மா. நான் இங்கனக்குள்ளயே இருக்கேன்” என்றாள்.

உள்ளே முதலாளி சிவராமகிருஷ்ணன் கை பிசைந்துகொண்டு நின்றார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாமிக்குத் தூரத்துப் பழக்கம். நீளமான கூடம், இரண்டு வரிசை மெஷின்கள், எங்கு பார்த்தாலும் நீலத் துணி. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மரக்கூரையில் இன்னும் மிளகு வாசனை போகவில்லை.

“கேட்டேளா மாமி, ரொம்ப நல்ல குட்டி. ஆனா அணைக்காம குனிஞ்சா மெஷினுக்கு ஆளைத் தெரியுமோ?” என்றார்.

“இப்போதான் சேவியர் போட்டான்னு போலீஸ் சொல்றது. நீங்க அவ அணைக்கலைங்கறேள். ரெண்டும் சேந்து வராதே, அம்பி?”

மாமி ஒரு மெஷின் முன்னால் போய் நின்று, அங்கே நின்ற மாதுரியை அழைத்தாள். மாதுரி இந்த ஊர்க்காரி, பேச்சிக்குப் பக்கத்து மெஷின்.

“இதைப் போடு, பார்ப்போம்.”

மாதுரி உட்கார்ந்தாள். கண் எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க, வலது கை மேசைக்கு அடியில் போய் வந்தது. “போட்டாச்சு மாமி.”

நான் காதைத் தீட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. “என்ன மாமி, இது செத்துக் கெடக்கு” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. மாதுரியின் கண் கலங்கிவிட்டது.

“பழைய மோட்டார்னா போட்டதுமே உறுமிண்டிருக்கும். ஓடறதா இல்லையான்னு தெருவுக்கே தெரியும். இது புது மோட்டார். பெடலை மிதிச்சாத்தான் சத்தம். கரண்ட் பாதிதான் ஆறது” என்றார் முதலாளி, கொஞ்சம் பெருமையாக.

“போட்டிருக்குன்னு எப்படி மனசிலாகும்?”

“மோட்டார்ல சின்னதா ஒரு லைட் உண்டு மாமி.”

நான் குனிந்து பார்த்தேன். லைட் இருந்திருக்கலாம். அதன் மேல் பஞ்சு அப்பிக் கிடந்தது. அடுத்த மெஷினிலும் அப்படித்தான்.

“பொத்தானைப் பாக்காம எப்படி அழுத்தறே?” என்று மாமி மாதுரியைக் கேட்டாள்.

“அதுக்கு எந்தினா மாமி பாக்கணும்? கண்ணு துணியில இருக்கணும். கை தன்னாலே போகும். பச்சை மேலே, சிவப்பு கீழே. எல்லா மெஷினும் அதே போலத்தான். மேலே அமர்த்தினா ஓடும், கீழே அமர்த்தினா நிக்கும்.”

“பொன்மணியும் அப்படித்தானா?”

“அவளா?” மாதுரி சிரிக்கப் போய் அழுதாள். “அவளுக்கு அது ஒரு பிராந்து மாமி. ஊசி மாத்தினாலும் குனிஞ்சாலும் ஆத்யமா, முதல் வேலையா சிவப்பைத் தட்டும். மெஷின் ஓஃபா இருந்தாலும் தட்டும். கரண்ட் போயிருந்தாலும் தட்டும். நாங்க களியாக்குவோம், சிரிப்போம். ‘போன கரண்ட் வர்றப்போ சொல்லிட்டா வரும்?’னு கேப்பா.”

மாமி மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, அணைத்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, பேச்சியின் மெஷினுக்குப் போனாள். அதன் ஸ்டூலில் வெட்டுத்துணி அடைத்த ஒரு பெரிய திண்டு இருந்தது. மாமியும் குள்ளம்தான். ஏறி உட்கார்ந்து மேசையோடு நெருங்கியதும், மேசைக்கடியில் டக்கென்று ஒரு சத்தம்.

“என்ன மாமி, மேசைக்கு உதை விடுறீங்க?”

“முழங்கால் பொத்தான் பெட்டியில இடிக்கறது. வேற எந்த ஸ்டூல்லயும் திண்டு இல்லை, பாத்தியோ?”

“பேச்சிக்கு முதுகு வலி. இந்த மாசம்தான் திண்டு தைச்சு வெச்சா” என்றாள் மாதுரி.

மாமி தரையில் மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தை மேசைக்கு அடியில் அடித்தாள். எழுந்து அடுத்த மெஷினுக்கு அடியில் பார்த்தாள். அதற்கடுத்ததிலும் பார்த்தாள். இந்த வயதில் மாமி தரையில் தவழ்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“சரஸ்வதி பூஜைக்குப் பொத்தான் பெட்டிக்கெல்லாம் பொட்டு வெச்சது யாரு?”

“எங்காத்துக்காரிதான்” என்றார் முதலாளி. “சந்தனம் குழைச்சு, குங்குமம் தொட்டு, ஒவ்வொண்ணுக்கும் நெத்தியில வெச்சா.”

“நெத்தின்னா பச்சைக்கு மேலே. அத்தனை பெட்டிக்கும் அழுக்குக்குள்ள அந்தப் பொட்டு அங்கேதான் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் தாடையில பொட்டு. குனிஞ்சு பாருங்கோ.”

நான் பார்த்தேன். எண்ணெயும் பஞ்சும் படிந்து நிறமே மங்கிப்போயிருந்தாலும் தெரிந்தது. சிவப்பு மேலே, பச்சை கீழே. பெட்டி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. தொங்கிய வயரை நீலத் துணிநாடா ஒன்றால் மேசைக்காலோடு கட்டியிருந்தார்கள். மாமி அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

“மாட்டினான்யா!” என்று கத்தியேவிட்டேன். “மெக்கானிக் பய பொறி வெச்சிருக்கான் மாமி. கிட்ட வராமலே ஆளைத் தூக்கிட்டான்.”

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஈஸ்வரா... அவனையா நம்பி மெஷினையெல்லாம் விட்டிருந்தேன்?”

மாமி அவர் பக்கம் திரும்பினாள். கூடத்தின் மூலையில் தகரமும் பிளாஸ்டிக்குமாக வளைந்த மூடிகள் குவிந்து கிடந்தன. “அது என்னவாக்கும்?”

“பெல்ட் மூடி மாமி. நூல் சுத்தினா ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும். சீசன்ல நேரம் போறதுன்னு...”

“கழட்டச் சொன்னது ஆரு?”

அவர் மறுபடியும் கை பிசைய ஆரம்பித்தார்.

“பொத்தான் எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கட்டும். அந்த மூடி இருந்திருந்தா அவ ஷால் தப்பிச்சிருக்கும். இனிமே அவ கவனமில்லாம போனாள்னு ஒருத்தர்ட்டயும் சொல்லாதீங்கோ.” மாமி இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். எனக்கோ அவரை இரண்டு அறை விடலாம் என்று இருந்தது.

வெளியே வந்ததும் பேச்சி எழுந்து நின்றாள். “ஏதாச்சும் கெடச்சுதாம்மா?”

மாமி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “ருசு கெடச்சிருச்சும்மா. பொத்தான் பெட்டியிலயே கைவரிசையைக் காட்டியிருக்கான். அவன் கதை முடிஞ்சுது.”

பேச்சி இரண்டு கையையும் கூப்பினாள். மாமி என்னைப் பார்த்த பார்வையில் ஆட்டோவின் பெட்ரோலே பற்றியிருக்கும். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சுதீர் மாமிக்குத் தெரிந்த பையன். பழைய கேஸ் ஒன்றில் மாமி அவன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். “பத்து மினிட் மாமி. இவன் வாய் திறந்தா எனக்கும் உபகாரம்” என்று ஓர் அறையைக் காட்டினான்.

சேவியர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், முப்பதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் யாரோ வாங்கி வைத்த பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது.

“சாப்பிடலையா?” என்றாள் மாமி. அவன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தான். “சரி. பேச்சியோட மெஷின்ல பொத்தான் பெட்டியைத் தலைகீழா மாட்டினது ஆரு?”

அவன் தலை நிமிர்ந்தது. மாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை நாள் பேசாதவன் உடனே பேசினான்.

“நான்தான்.”

நான் மாமியின் முழங்கையை இடித்தேன். மாமி அசையவில்லை.

“ஏன்?”

“அவள் மேல எனக்குக் கோவம். எழுதி எடுத்துக்கிடுங்க. கையெழுத்து போட்டுத் தாறேன்.”

“போடலாம், அவசரமில்லை. எப்படி மாட்டினே?”

“நாலு ஸ்க்ரூ முடுக்கினேன்.”

“வயரை என்ன பண்ணினே?”

“கிளிப் அடிச்சேன். எப்பவும் அப்படித்தான்.”

மாமி கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்து அவன் முன் வைத்தாள். “கிளிப் எங்கே? இங்கே ஒரு துணிநாடான்னா இருக்கு. சீருடைத் துணியை மடிச்சு, ரெண்டு ஓரமும் அழகா தைச்ச நாடா. ஸ்க்ரூவும் ரெண்டே ரெண்டு, அதுவும் பாதிதான் இறங்கியிருக்கு. மெக்கானிக் பையில கிளிப் இருக்கறப்போ அவன் ஏன் உக்காந்து நாடா தைக்கணும்? இது தையல்காராளோட கையாக்கும்.”

சேவியர் கைப்பேசியை மாமி பக்கமே தள்ளினான்.

“இன்னொண்ணு. பொன்மணியைக் கொல்ல நினைச்சவன் பொறியைப் பொன்மணி மெஷின்லன்னா வைப்பான்? பேச்சி மெஷின்ல வெச்சா பேச்சிக்குன்னா ஆகும்? ஆனா பேச்சிக்கு ஒண்ணும் ஆகலை. அந்தப் பெட்டி திரும்பியிருக்கறது அவளுக்குத் தெரியும், அதனால ஆகலை. அப்படின்னா திருப்பினது...”

“அம்மா, போதும்.” அவன் மாமியின் காலைத் தொட வந்துவிட்டான். “சொல்லாதீங்க. நான் செஞ்சதாவே இருக்கட்டும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்று நான் பேச்சியிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

சேவியர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “பேச்சி அக்கா திண்டு போட்டு உக்காந்த பெறகு முழங்கால் சிவப்புல இடிச்சிட்டே கெடந்தது. தைக்கத் தைக்க மெஷின் நின்னு போவும். பெட்டிய மாத்தித் தான்னு எனக்கிட்ட சொன்னாவ. ஞாயித்துக்கெழம செஞ்சு தாறேன்னேன். அவ்வளவு வேலை கெடந்தது. அவங்களே திருப்பி மாட்டிக்கிட்டாவ போல. இடிச்சாலும் பச்சையிலதானே இடிக்கும், ஓடுத மெஷினுக்கு அதுனால ஒண்ணும் இல்லையே. பொன்மணி அழுத்தி மெஷின் ஓடுத வரைக்கும் எனக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது.”

“அன்னிக்கு நீ பாத்தியா?”

“எனக்க கண்ணால பாத்தேன். அந்தக் கோடியில நின்னு ஒரு மோட்டார கழத்திட்டு இருந்தேன். காலையில போட்ட சண்டையில நான் அவளைப் பாக்காத மாதிரி இருந்தேன், ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ வந்தா. கைய அடியில விட்டா. எப்பவும் போல கீழ அழுத்தினா. அதுக்கப்புறம்தான் குனிஞ்சா. அவளுக்க முட்டு பெடல்ல பட்டது. நான் மெயினுக்கு ஓடினேன் அம்மா. ஓடித்தான் அணைச்சேன்.”

நின்றிருந்த மெஷினை, அணைக்கிறோம் என்று நினைத்து அவளே ஓட விட்டிருக்கிறாள். சத்தம் போடாத மோட்டார். பஞ்சு மூடிய விளக்கு. இத்தனை பேர் கேலி செய்த அந்த ஜாக்கிரதை இல்லாதிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள். இதை யோசிக்க யோசிக்க எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

“சண்டை எதுக்கு?” என்றாள் மாமி மெதுவாக.

“கல்யாணத்துக்கு. சீசன் முடியட்டும், அக்காட்ட நானே சொல்லுதேன்னா. நீ ஒருநாளும் சொல்லமாட்டேன்னு நான் கத்தினேன். கடைசியா அவள்ட்ட பேசினது அதுதான்.” அவன் முகத்தை மூடிக்கொண்டான். “அக்கா அவளுக்கு அம்மை மாதிரி. இது தெரிஞ்சா அவங்க உசுரோட இருக்கமாட்டாவ. பொன்மணி போயாச்சு. நான் உள்ள கெடந்தா யாருக்கு என்ன? அக்காட்ட சொல்லாண்டாம்.”

திரும்பி வரும்போது கடைத்தெருவில் நெரிசல். நான் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

“மாமி, அவன்தான் செஞ்சேங்கிறான். விட்டுட்டா என்ன? சொன்னா இந்தப் பொண்ணு நொறுங்கிப் போயிரும்.”

“சொல்லலைன்னா செய்யாத கொலைக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். இவளும் ஆயுசுபூரா ஒரு நல்லவனைச் சபிச்சுண்டிருப்பா. என்னிக்காவது திரும்ப அந்த ஸ்டூல்ல உக்காந்து கையை அடியில விட்டா, அப்போ இவளுக்கே மனசிலாகும். அன்னிக்குப் பக்கத்துல ஆரும் இருக்கமாட்டா, துரை.”

“ஊசி ஏத்துற டாக்டர் மாதிரி பேசுறீங்க மாமி” என்று சொல்ல வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்து ஓட்டினேன்.

பேச்சி அதே படியில்தான் இருந்தாள். மாமி பக்கத்தில் போய் அந்த அழுக்குப் படியிலேயே உட்கார்ந்தாள். பட்டுக்கரைப் புடவை பாழாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒத்துக்கிட்டானாம்மா?” என்றாள் பேச்சி.

“ஒத்துண்டான். ஆனா அவன் சொன்னது பொய்.” மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேச்சி, நான் ஒண்ணு கேக்கறேன். திண்டு போட்ட பிறகு நோக்கு முழங்கால் இடிச்சுதோ?”

“இடிக்காம? ஒரு சட்டை முடிக்கதுக்குள்ள ரெண்டு தரம் மெஷின் நின்னுபோவும். சேவியர்ட்ட சொன்னேன், ஞாயித்துக்கெழமன்னான். சரி, இதுக்கு எதுக்கு அவன்னு நானே ஸ்க்ரூவக் கழத்தி, பெட்டியத் திருப்பி...”

நின்றுவிட்டாள்.

அவள் இடது கை மாமியின் கையில் இருந்தது. வலது கை மட்டும் தானாக எழுந்து, மடிக்கு மேலே, இல்லாத மேசைக்கு அடியில் போனது. விரல் மேலே ஒரு தரம் அழுத்தியது. பிறகு கீழே இறங்கி, அங்கேயே நின்றது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“அவ அணைச்சாளா?” என்று கேட்டாள் கடைசியில்.

“அணைச்சா. சேவியர் கண்ணால பாத்திருக்கான். அணைச்சிட்டுத்தான் குனிஞ்சா.”

“அணைச்சிருக்கா” என்றாள் பேச்சி. “நான் சொன்னேம்லா... அவ அணைக்காம கைய வைக்கமாட்டா.”

அவள் மாமியிடம் கேட்டு வந்தது இதைத்தான். மாமி அதைக் கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு கூலியை வாங்கிக்கொண்டு யாரும் எங்கள் வாசலை விட்டுப் போனதில்லை.

பெல்ட் மூடியைப் பற்றி மாமி சொன்னாள். மூடியைக் கழற்றச் சொன்னவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், சுதீரிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தோடு செய்யாததைச் சட்டமும் கொலை என்று சொல்லாது என்றாள். பேச்சி காதில் ஒன்றும் ஏறவில்லை. எழுந்து கிடங்கின் கதவைப் பார்த்து நடந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக.

“எங்கேம்மா?”

“அந்தப் பெட்டியத் திருப்பி வெச்சிட்டு வந்துடுதேன்.”

மாமி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். “இப்போ அதைத் தொடப்படாது, பேச்சி. போலீஸ் வந்து பாக்கற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கணும். நோக்குக் கஷ்டம், எனக்குத் தெரியறது. ஆனா அதைப் பாத்தாத்தான் அந்தப் பையனை வெளியில விடுவா.”

பேச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அந்த இரண்டு ஸ்க்ரூவும் பாதி இறங்கியபடி இருக்கின்றன. அரை நிமிட வேலை. அதைச் செய்ய அவளுக்கு அனுமதி இல்லை.

“நான் செஞ்சதுன்னு அவனுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“பொறகு ஏன் சொல்லல?”

“நோக்காகத்தான். பொன்மணியைக் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தான். சீசன் முடிஞ்சதும் அவளே நோக்குச் சொல்றதா இருந்தாளாம்.”

அப்போதுதான் பேச்சி அழுதாள். நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு, தங்கை பெயரைச் சொல்லி, பெற்றவள் அழுவது போல அழுதாள். உள்ளேயிருந்து மாதுரி ஓடி வந்து சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றேன். துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே வந்து ஆட்டோவில் ஏறினாள். மாமி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஸ்டேஷனுக்குப் போங்கண்ணே. நான் சொல்லுதேன் அவுங்ககிட்ட.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பையன் சாப்பிட்டானா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன்.

“அப்போ வழியில ஒரு கடையில நிறுத்துங்க.”

நிறுத்தினேன். அவளே இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். சூடு ஆறிவிடாமல் இருக்கப் பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்து, ஸ்டேஷன் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.